சுமந்தவரும் அளந்தவரும்: வேலை, விசை, ஆற்றல் என்னும் பாடத்தின் வரலாறு

மேற்கு மலைத் தொடரின் கீழ்ச் சரிவில், வத்திராயிருப்புக்கு மேற்கே, பிளவக்கல்லில் இரண்டு அணைகள் உள்ளன. ஒன்று பெரியாறு அணை. மற்றொன்று கோவிலாறு அணை. முல்லைப் பெரியாறு வேறு, இப் பெரியாறு வேறு. 1970களில் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணைகளின் நீர் நம் பகுதிக் கண்மாய்களை நிறைத்து, வயல்களை நனைத்து, அர்ச்சுனா ஆற்றின் வழியே வைப்பாற்றை நாடுகிறது. பெரியாறு அணையின் உயரம் ஏறத்தாழ 47 அடி. கோவிலாறு அணையின் உயரம் ஏறத்தாழ 42 அடி.

அணையைக் காணச் செல்வோர் மலையின் எழிலைக் காண்கின்றனர். தேங்கிய நீரின் அழகைக் காண்கின்றனர். இயற்பியல் பயிலும் மாணவரோ அங்கே ஒரு பாடத்தையே காணலாம். உயரத்தில் தேங்கி நிற்கும் நீர் நிலை ஆற்றல் உடையது. மதகு திறந்ததும் பாய்ந்தோடும் நீர் இயக்க ஆற்றல் உடையது. நீரைத் தாங்கி நிற்கும் கரை விசைக்கு எதிர் விசை தருகிறது. அக் கரையின் ஒவ்வொரு கூடை மண்ணும், ஒவ்வொரு கல்லும் எவரோ ஒருவர் செய்த வேலையால் மேலே ஏறியது.

விசை, வேலை, ஆற்றல் என்னும் மூன்று சொற்களையும் நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் பலர் அவற்றை மறந்துவிடுகின்றனர். "இது நமக்குரிய பாடம் அன்று, கணிதம் வல்லார்க்கே உரியது" என்று எண்ணி மேல்வகுப்பில் வேறு பிரிவை நாடுவோரும் உளர். இவ்வெண்ணம் தவறானது என்பதை வரலாறு கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இப்பாடம் உழைப்பவரின் உழைப்பை அளக்கப் பிறந்த பாடம். அதை நம்மினும் நெருங்கி அறியத்தக்கவர் எவர்?

சொற்கள் பிறந்த கதை

விசை என்பதற்குத் தெளிவான கணக்கு வகுத்தவர் ஆங்கில நாட்டறிஞர் ஐசக் நியூட்டன். 1687இல் வெளிவந்த அவருடைய பெருநூல் இயக்கத்தின் மூன்று விதிகளையும் உலகிற்கு அளித்தது. ஆயின் வேலை, ஆற்றல் என்னும் கருத்துகள் இன்றுள்ள வடிவில் அந்நூலில் இல்லை. அவை உருப்பெற மேலும் ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

1720களில் ஆலந்து நாட்டு அறிஞர் கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணின்மேல் விழச்செய்து பார்த்தார். குண்டின் வேகம் இரு மடங்கானால் மண்ணில் பதியும் பள்ளம் நான்கு மடங்காயிற்று. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே இயங்கும் பொருளின் வலிமை அமைகிறது என்பது இதனால் விளங்கிற்று. இச்சோதனையின் சிறப்பை உணர்ந்து உலகறியச் செய்தவர் பிரெஞ்சு நாட்டுப் பெண்மணி எமிலி தூ சாத்லே. பெரும்பாலான அறிஞர் கழகங்களில் பெண்கள் உறுப்பினராக இயலாத காலம் அது. எனினும் அவர் நியூட்டனின் நூலைத் தம் மொழியில் ஆக்கினார். அவர் மறைந்தபின் 1759இல் அம்மொழிபெயர்ப்பு முழுமையாக வெளிவந்தது. கதவடைக்கப்பட்டவர்களும் அறிவியலை வளர்த்தனர் என்பதற்கு இது முதற் சான்று.

அடுத்து நாம் அறிய வேண்டியவர் கூலோம். மின்னூட்டங்களிடையே உள்ள விசையைக் கண்டறிந்தவர் என்ற அளவில் மாணவர்கள் அவரை அறிவர். அவர் படைப் பொறியாளராகவும் இருந்தவர் என்பதைப் பலர் அறியார். 1764 முதல் 1772 வரை மேற்கிந்தியாவில் உள்ள மார்த்தினீக் தீவில் கோட்டை கட்டும் பணியை அவர் நடத்தினார். அடிமை முறை நிலவிய கரும்புத் தீவு அது. ஒரு மனிதன் ஒரு நாளில் எவ்வளவு வேலை செய்ய இயலும் என்னும் வினா அவரை நெடுங்காலம் ஆட்கொண்டது. படியேறுவோர், விறகு சுமப்போர், தள்ளுவண்டி உருட்டுவோர், மண்வெட்டியால் தோண்டுவோர் ஆகியோரின் வேலையை அவர் கணக்கிட்டார். அவ்வாய்வு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறைவுற்றது. சுமையை ஓர் அளவுக்குமேல் கூட்டினால் ஒரு நாளில் முடியும் வேலை கூடுவதில்லை, குறைகிறது என்பது அவருடைய முடிவுகளுள் ஒன்று. சுமந்தவர் ஒவ்வொருவரும் தம் முதுகால் அறிந்திருந்த உண்மை அது. அதனை எண்ணால் எழுதியவர் கூலோம்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைத்துக் கொட்டக் குதிரைகள் சுற்றி வந்தன. நீராவிப் பொறியைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட், தம் பொறி எத்தனை குதிரைகளுக்கு ஈடு என்று வாங்குவோர்க்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் 33,000 அடி-பவுண்டு வேலை செய்வது ஒரு குதிரைத் திறன் என 1780களில் அவர் வகுத்தார். இன்றைய அளவில் அது 746 வாட். நம் ஊர்க் கிணறுகளில் பொருத்தியுள்ள பம்புசெட்டின்மேல் 5 குதிரைத் திறன் என்று எழுதியிருப்பதன் வேர் இதுவே.

1807இல் தாமஸ் யங் 'ஆற்றல்' என்பதைக் குறிக்கும் சொல்லை அறிவியலில் வழங்கினார். 1829இல் பிரெஞ்சு அறிஞர் கோரியோலிஸ், விசையையும் அதன் வழியே நேர்ந்த இடப்பெயர்ச்சியையும் பெருக்கி வருவதற்கு ஒரு பெயர் இட்டார். அப்பெயர் பிரெஞ்சு மொழியில் உழைப்பைக் குறிக்கும் அன்றாடச் சொல். தமிழில் நாம் 'வேலை' என்கிறோம். காலையில் வேலைக்குப் போகிறோம் என்று சொல்லும் அதே சொல்லே இயற்பியலின் கலைச்சொல்லாயிற்று. அது தற்செயல் அன்று. பொறிகளும் விலங்குகளும் மனிதரும் செய்யும் உழைப்பை ஒரே அளவுகோலால் அளக்க வேண்டிய தேவையே அக்கருத்தைப் பெற்றெடுத்தது.

செர்மானிய மருத்துவர் மேயர் 1842இலும், மது வடிக்கும் குடும்பத்தில் தோன்றிய ஆங்கிலேயர் ஜூல் 1840களிலும், வெப்பமும் ஆற்றலின் ஒரு வடிவமே என்று காட்டினர். எடைகளை இறங்கவிட்டு, அவற்றால் நீருக்குள் துடுப்புகளைச் சுழலச் செய்து, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று ஜூல் அளந்தார். 772 அடி-பவுண்டு வேலை ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடேற்றும் என்னும் முடிவை 1850இல் வெளியிட்டார். ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மாறுகிறது என்னும் பெருவிதி இவ்வாறு நிலைபெற்றது. வேலையின் அலகுக்கு ஜூல் என்று பெயர் சூட்டியது உலகம்.

சுமையும் கணக்கும்

இக்கருத்தை நம் ஊரிலேயே வைத்துப் பார்ப்போம். அணைகளும் கண்மாய்க் கரைகளும் எழுந்த இடங்களிலெல்லாம் மண்கூடை சுமந்தோருள் பெரும்பங்கினர் நிலமற்ற கூலி மக்கள். அவர்களுள் நம் தாய்மாரும் இருந்தனர் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 45 கிலோ எடையுள்ள ஒரு தாய், 15 கிலோ மண்ணைத் தலையில் ஏந்தி, பெரியாறு அணையின் உயரமான ஏறத்தாழ 14 மீட்டர் ஏறுகிறார் என்று கொள்வோம். மண்ணை உயர்த்த அவர் செய்த வேலை 15-ஐ 9.8-ஆலும் 14-ஆலும் பெருக்கினால் வரும் 2,058 ஜூல். தம் உடலையும் சேர்த்து உயர்த்தியதால் மொத்த வேலை 8,232 ஜூல். ஒரு நாளில் 100 நடை ஏறினால் 8,23,200 ஜூல்.

தசை தான் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்ற வல்லது, எஞ்சியது வெப்பமாகிறது. வியர்வையின் காரணம் இதுவே. ஆதலின் அந்த ஏற்றத்திற்கு மட்டும் அவருக்கு வேண்டிய உணவாற்றல் 800 கிலோ கலோரியை நெருங்கும். அது கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அரிசியில் உள்ள ஆற்றல். உயிர் வாழ்வதற்கும், வீட்டு வேலைக்கும், பால் குடிக்கும் பிள்ளைக்கும் வேண்டியது இதற்கு மேற்பட்டது. கூலியாகக் கிடைத்த தானியம் இக்கணக்கிற்கு ஈடு செய்ததா என்று கேட்கும் உரிமையை இயற்பியல் நமக்குத் தருகிறது.

இன்னொன்றையும் நோக்குக. 'தலையில் சுமையோடு அசையாமல் நிற்பவர் செய்யும் வேலை சுழி' என்று பாடநூல் கூறுகிறது. இதனைப் படிக்கும் நம் மாணவர் சிலர் மனம் நோகின்றனர். "என் தாய் சுமந்து நின்றது வேலை இல்லையா?" என்று வினவுகின்றனர். வினா நியாயமானதே. இதற்கு விடை இதுதான்: சுமையின் இடம் பெயராததால் சுமையின்மேல் செய்யப்பட்ட வேலை சுழி. ஆயினும் சுமையைத் தாங்கும் தசையின் இழைகள் இடைவிடாது சுருங்கியும் தளர்ந்தும் ஆற்றலைச் செலவிடுகின்றன. அந்த ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. ஆகவே அவர் உழைக்கவில்லை என்று இயற்பியல் ஒருபோதும் கூறவில்லை. அவ்வுழைப்பு சுமையில் சேரவில்லை என்றே கூறுகிறது. 'வேலை' என்னும் கலைச்சொல்லையும் 'உழைப்பு' என்னும் வாழ்க்கைச் சொல்லையும் பிரித்தறிதலே இப்பாடத்தின் முதற்படி.

மண்வேலைக்குக் கூலி வகுக்கும் பொதுப்பணித் துறையின் முறையும் இவ்வேறுபாட்டை அறிந்ததே. வெட்டிய மண்ணின் கன அளவு ஒன்று. அதைக் கொண்டு செல்லும் தூரம் ஒன்று. ஏற்றும் உயரம் ஒன்று. குறித்த தூரத்திற்கும் உயரத்திற்கும் மேற்பட்டால் கூடுதல் விகிதம் உண்டு. சமதளத்தில் நடந்த தூரத்திற்குப் பாடநூலின் சூத்திரம் புவியீர்ப்புக்கு எதிரான வேலை ஏதும் காட்டாது. விகித அட்டவணையோ அதற்கும் பணம் காட்டுகிறது. இவ்வளவும் அளவுப் புத்தகத்தில் எழுதப்பட்டது. ஆயின் அப்புத்தகத்தைப் படிக்கச் சுமந்தவர்க்கு எழுத்துத் தெரியவில்லை. மண் வெட்டிய பள்ளத்தின் நடுவே ஆழம் காட்ட விட்டுவைத்த திட்டை அளந்தவர் ஒருவர். பள்ளத்தை வெட்டியவர் வேறொருவர். இடையில் எவ்வளவு குறைந்தது என்று கேட்கும் வல்லமை வெட்டியவர்க்கு இல்லாமற் போயிற்று. 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ்க் கண்மாய் தூர்வாரியபோதும், வெட்டிய மண்ணை அளந்தே கூலி கணக்கிடப்பட்டது. நீளம், அகலம், ஆழம் பெருக்கத் தெரிந்த ஒரு பெண் அக்கூட்டத்தில் இருந்தால் அனைவர்க்கும் அது காவல் அன்றோ?

நம் முன்னோர் அறிவற்றவராக இருந்தனர் என்று எவரும் கருதற்க. தென்மாவட்டக் கண்மாய்களில் மடை திறந்து மூடி, வயல்தோறும் நீர் பங்கிட்ட நீர்பாய்ச்சிகளும் மடைக்குடும்பர்களும் நம் மக்களே. நீரின் மட்டமும் அழுத்தமும் ஓட்டமும் அவர்கள் கைவிரல் அறிந்தவை. கமலையில் மாடுகளைச் சரிவில் இறங்கச் செய்து நீர் இறைத்தவர்கள், மாட்டின் எடையையே இழுவிசைக்குத் துணையாக்கினர். சாலின் தோல் வாலைத் தைத்தவர்களும் நம்மவரே. செய்முறை அறிவு நம்மிடம் இருந்தது. அதனை எழுதிவைக்கும் ஏடு மட்டும் மறுக்கப்பட்டது.

வகுப்பறையின் வாயில்

அந்த ஏடு நம் கைக்கு வந்த வரலாறு நெடியது. 1856இல் தார்வாரில் மகர் குலத்துச் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான்; மறுக்கப்பட்டான். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி எல்லா வகுப்பினர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்னும் கொள்கை அவ்வழக்கின் பின்னரே வலியுறுத்தப்பட்டது. கொள்கை ஏட்டில் இருந்தது. கதவு மூடியே இருந்தது. பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும் கோவிலருகிலும் ஊர்ச் சாவடியிலும் நடந்தமையால் சேரிப் பிள்ளைகள் அவ்விடத்தை அணுகவும் இயலவில்லை.

சென்னை மாகாணத்தில் 1893ஆம் ஆண்டு அரசாணை தாழ்த்தப்பட்டோர் கல்விக்குத் தனிச் சலுகைகள் அளித்தது. அதே ஆண்டில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் தம் இதழைத் தொடங்கி உரிமைக் குரல் எழுப்பினார். 1894இல் அடையாற்றில் ஆல்காட் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1907இல் பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். அரசின் கையை மட்டும் நோக்கியிராமல் நம் மக்கள் தாமே கல்விக் கழகம் கண்ட மரபு அன்றே தொடங்கிற்று. இவ்வெள்ளி விழாக் காணும் நம் சங்கமும் அம்மரபின் ஒரு கிளையே.

1920 முதல் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஊர் மக்கள் அவற்றை 'லேபர் ஸ்கூல்' என்றே அழைத்தனர். உழைப்போர் பிள்ளைகளின் பள்ளி என்னும் பொருளில் அப்பெயர் பொருத்தமானதே. 1949இல் அரிசன நலத்துறை தனியே அமைந்தபின் அப்பள்ளிகள் அதன்கீழ் வந்தன. பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எனப் பெயர் பெற்றன. நம் முதல் தலைமுறைப் படிப்பாளிகள் பலர் அப்பள்ளிகளின் மண் தரையில் அமர்ந்தே எழுத்தறிந்தனர்.

ஆற்றல் பாடம் வயிற்றில் தொடங்குகிறது. பசித்த பிள்ளைக்கு விதிகள் ஏறா. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவை 1956இல் மாநிலப் பள்ளிகளுக்கு விரித்தவர், நம் மாவட்டத்து விருதுநகரில் பிறந்த காமராசர். 1982இல் அது சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. உணவின் வேதி ஆற்றலே சிந்தனைக்கும் ஆற்றல் என்பதை இயற்பியல் அறிந்தோர் எளிதில் உணர்வர்.

அணைகளும் அண்ணலும்

அண்ணல் அம்பேத்கர் சட்ட மேதை என்பதை யாவரும் அறிவர். இந்திய நாட்டின் நீர், மின்னாற்றல் கொள்கைகளுக்கு அடித்தளம் இட்டோருள் அவரும் ஒருவர் என்பதைப் பலர் அறியார். பள்ளியில் அவர் குழாயைத் தொடக் கூடாது; ஏவலர் வந்து திறந்தால்தான் நீர்; ஏவலர் இல்லையேல் தாகமே துணை. அச்சிறுவரே 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். நீர்ப்பாசனமும் மின்னாற்றலும் அவர் பொறுப்பில் இருந்தன. குழாயடியில் நீர் மறுக்கப்பட்டவர் நாட்டின் நதிகளைப் பற்றி முடிவெடுக்கும் இருக்கையில் அமர்ந்தார். இதைவிட நம் இளைஞர்க்கு வேறு பாடம் வேண்டுமோ?

1943 அக்டோபரில் மின்னாற்றல் பற்றிய கொள்கைக் குழுவில் அவர் உரையாற்றினார். மலிவான, நிறைவான மின்சாரம் இன்றித் தொழில் வளராது. தொழில் வளராமல் வறுமை தீராது என்பது அவ்வுரையின் சாரம். 1944இல் மத்திய மின்னாற்றல் தொழில்நுட்ப வாரியமும், 1945இல் மத்திய நீர்வழி, பாசன, கப்பற்போக்குவரத்து ஆணையமும் அமைந்தன. தாமோதர் பள்ளத்தாக்கு, மகாநதித் திட்டங்களுக்கு அவர் காலத்தில் வித்திடப்பட்டது. வெள்ளத்தைத் தடுத்தல், பாசனம், மின்னாற்றல் ஆகிய அனைத்தையும் ஒரே திட்டத்தில் காணும் நோக்கை அவர் வற்புறுத்தினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டத்தால் நிறுவப்பட்டது.

அத்திட்டத்திற்கு அறிவியல் துணை நின்றோருள் ஒருவர் மேகநாத் சாகா. 1893இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில் எளிய கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். கல்கத்தாவில் பயின்றபோது விடுதியில் உடன் உண்ண மறுத்த மாணவர்களின் சாதி இழிவை அவர் தாங்கினார். 1920இல் விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பத்தை அறியும் சமன்பாட்டைக் கண்டு உலகப் புகழ் எய்தினார். விண்மீனை ஆராய்ந்த அவரே வங்காளத்து ஆறுகளின் வெள்ளத்தையும் ஆராய்ந்தார். 1943 தாமோதர் வெள்ளத்திற்குப் பின் அமைந்த விசாரணைக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். ஒருவர் ஆட்சிப் பொறுப்பாலும் மற்றவர் இயற்பியல் அறிவாலும் ஒரே ஆற்றுக்குப் பணியாற்றினர். இருவரும் சாதியின் பெயரால் சிறுமைப்படுத்தப்பட்டவர்கள் என்பது எண்ணத்தக்கது.

அம்பேத்கர் எந்திரத்தையும் மின்சாரத்தையும் ஏன் இத்துணை விரும்பினார்? மனிதன் விலங்குபோல் உழைத்து மாயாமல், ஓய்வு பெற்று அறிவை வளர்க்க எந்திரம் துணை செய்யும் என்று 1945இல் வெளிவந்த தம் நூலொன்றில் அவர் வாதிட்டார். நம் கணக்கு இதனை மெய்ப்பிக்கிறது. 100 நடை சுமந்த தாய் செய்த வேலை 8,23,200 ஜூல் என்று கண்டோம். ஒரு யூனிட் மின்சாரம் 36,00,000 ஜூல். ஒரு நாள் முழுதும் முதுகொடிய ஏறிய ஏற்றம், ஒரு யூனிட்டில் கால் பங்குக்கும் குறைவு! ஓர் உயிரின் ஒரு நாளை இவ்வளவு சிறிய ஆற்றலுக்காகச் செலவிட்ட சமுதாயம் எவ்வளவு கொடியது என்று எண்ணிப் பாருங்கள். நம் மாநிலத்தில் 1932இல் பைக்காராவிலும், 1937இல் மேட்டூரிலும், 1944இல் பாபநாசத்திலும் வீழும் நீர் மின்னாற்றல் ஆயிற்று. ஒரு கன மீட்டர் நீர் 10 மீட்டர் இறங்கினால் 98,000 ஜூல் ஆற்றல் வெளிப்படும். நீர் சுமக்கட்டும், மனிதர் படிக்கட்டும்.

இவற்றினும் நமக்கு நேரே தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. 1942 அக்டோபரில் தாழ்த்தப்பட்டோர் குறைகளை விளக்கி அண்ணல் அரசுக்கு அளித்த மனுவில், அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கென நம் மாணவர்க்கு உதவித்தொகை கேட்டார். கலையும் சட்டமும் பயில்வதினும், செலவு மிகுந்த அறிவியற் கல்விக்கே அரசின் துணை இன்றியமையாதது என்று காட்டினார். 1944இல் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் அவர் நிறுவினார். அக்கல்லூரி கலையும் அறிவியலும் கற்பித்தது. இன்று நம் பிள்ளைகள் பெறும் உதவித்தொகையின் ஊற்றுக்கண் அறிவியலை நோக்கியே திறக்கப்பட்டது. அவ்வுதவியைப் பெறும் நாம் அறிவியலைக் கண்டு ஒதுங்குதல் தகுமோ?

தாய்மொழியில் இயற்பியல்

ஆங்கிலம் அறியாமையால் அறிவியல் எட்டாது என்னும் அச்சமும் நம்மிடம் உண்டு. அதற்கும் வரலாறு விடை தருகிறது. 1916இல் சேலத்தில் தமிழில் அறிவியற் சொல் ஆக்கும் சங்கம் ஒன்று தோன்றிற்று. 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதி வெளியிட்டது. பெ. நா. அப்புசாமி போன்றோர் வாழ்நாளெல்லாம் தமிழில் அறிவியல் எழுதினர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தது.

நம் பெரியோர் 'பௌதிகம்' என்று படித்ததையே நாம் 'இயற்பியல்' என்கிறோம். அவர்கள் 'சக்தி' என்றதை நாம் 'ஆற்றல்' என்கிறோம். இலங்கைத் தமிழ் மாணவர் இன்றும் பௌதிகவியல் என்றும் சக்தி என்றும் கற்கின்றனர். நாம் 'திறன்' என்பதை அவர்கள் 'வலு' என்கின்றனர். விசையும் வேலையும் இரு கரையிலும் ஒன்றே. சொல் மாறினும் அளவு மாறவில்லை. ஒரு கருத்தைத் தாய்மொழியில் தெளிந்தவர்க்கு ஆங்கிலச் சொல்லைக் கற்பது சில நாள் வேலை. கருத்தை உணராமல் ஆங்கிலத்தில் உருப்போட்டவர்க்கோ இரண்டும் இல்லை.

நாம் செய்ய வேண்டுவன

இளைஞர்களே! உறுப்பினர்களே! வரலாறு பெருமை பேசுவதற்காக மட்டும் அன்று. வெள்ளி விழாக் காணும் நாம் அடுத்த 25 ஆண்டுகளுக்கு வழி வகுக்க வேண்டும்.

முதலாவது, நம் மாலை வகுப்புகளில் இயற்பியலைக் கரும்பலகையோடு நிறுத்தாமல் கண்முன் காட்டுவோம். கிணற்று உருளை, கடப்பாரை, மிதிவண்டி, பம்புசெட்டு, கண்மாய் மடை ஆகிய அனைத்தும் செலவில்லாத ஆய்வுக்கூடம். படிக்கட்டில் ஏறும் பிள்ளை, தன் எடையையும் ஏறிய உயரத்தையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் கொண்டு தன் திறனை வாட் கணக்கில் தானே அறியட்டும். ஆண்டுக்கொரு முறை மாணவரைப் பிளவக்கல்லுக்கு அழைத்துச் சென்று, அணையின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு, நீர்மட்டத்தையும் மதகையும் காட்டி விளக்குவோம்.

இரண்டாவது, பத்தாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகளுள் அறிவியல் பிரிவை விரும்புவோர் எவரும் அச்சத்தாலோ அறிவுரை இன்மையாலோ பின்வாங்காதவாறு துணை நிற்போம். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது முதல் அந்த இரண்டாண்டுகளே மருத்துவம், பொறியியல், அறிவியல் ஆராய்ச்சி ஆகியவற்றின் வாயிலாக உள்ளன. பெண் பிள்ளைகளுக்கு இதில் முதலிடம் தருவோம். சுமந்தவர்களுள் மிகுதியாகச் சுமந்தவர்கள் அவர்களே.

மூன்றாவது, நம் ஊர்ப் பெரியோரிடம் உள்ள செய்முறை அறிவை எழுதிவைப்போம். கமலை ஓட்டியவர், மடை காத்தவர், மண் வெட்டியவர், கல் உடைத்தவர் இன்னும் சிலர் உளர். அவர்கள் கூறுவதை மாணவர் ஏட்டில் எழுதி, அதில் அடங்கிய விசை, வேலை, ஆற்றல் இவற்றைக் கண்டு கணக்கிடட்டும். பாட்டனின் கைத்திறனும் பேரனின் கணக்கும் ஒரே பக்கத்தில் சேரட்டும்.

கொல்லரின் மகன் மைக்கேல் பாரடே புத்தகம் கட்டும் கடையில் பயிற்சி பெற்றபோது, கட்ட வந்த நூல்களையே படித்து அறிவியல் கற்றார். 1831இல் காந்தத்தின் துணைகொண்டு மின்னோட்டம் எழச் செய்யும் வழியைக் கண்டார். அணைதோறும் மின்சாரம் பிறப்பது அக்கண்டுபிடிப்பால்தான். பிறப்பு அறிவுக்குத் தடை அன்று என்பதற்கு அவரும் சான்று, சாகாவும் சான்று, நம் அண்ணலும் சான்று.

விசை இன்றி அசைவு இல்லை. அசையாதவரை வேலை இல்லை. எத்துணை வலிந்து தள்ளினும் பொருள் நகராவிடில் கணக்கில் சுழியே எஞ்சும். கல்விக்காக நாம் எடுக்கும் முயற்சியும் அத்தகையதே: ஒரு பிள்ளையேனும் இருந்த இடத்தினின்று ஒரு படி உயர்ந்தால்தான் நம் சங்கம் வேலை செய்தது என்று பொருள். சென்ற 25 ஆண்டுகளில் உயர்ந்த படிகளை நன்றியோடு எண்ணுவோம். உயர வேண்டிய படிகளைத் துணிவோடு எண்ணுவோம். சுமந்தவர் வீட்டுப் பிள்ளைகள் அளப்பவராகட்டும். அளக்கும்போது நேர்மையாக அளப்பவராகட்டும்.

வளர்க நம் கல்விப் பணி! வெல்க நம் இளைய தலைமுறை!